டியூப் ஒட்டிய மாடி

எண்ணூரில் கரி இறக்கும் யார்டு ஒன்றில் சிலுவைமுத்து இருபத்தாறு வருடம் பெல்ட் ஒட்டினார். கப்பலிலிருந்து நிலக்கரியைச் சுமந்து வரும் ரப்பர் பெல்ட் அறுந்தால் காண்ட்ராக்டர் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார். முனைகளைச் சுரண்டித் துடைத்து, ரப்பர் சொல்யூஷன் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருப்பார். யாராவது அவசரப்படுத்தினால், "அது காயட்டும், நீ போய் டீ சாப்ட்டு வா" என்பார். அவர் ஒட்டிய இடத்தில் பெல்ட் மறுபடி அறுந்ததாக யாரும் சொன்னதில்லை.

ராயபுரத்தில் அவருடைய வீடு ஒற்றை அறை, மேலே கான்கிரீட் தளம். உப்புக்காற்றில் உள்கம்பி துருப்பிடித்துத் தளம் வெடித்திருந்தது. 2015 டிசம்பர் மழையில், படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவிக்கு வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு முன் அவள் போய்விட்டாள். அந்தக் கோடையில் அவர் மாடி ஏறினார்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்த ஹுமாயூன் அவருடைய பழைய சிநேகிதர். கழித்துப்போட்ட லாரி டியூப்புகளை அவர்தான் கொடுத்தார். சிலுவைமுத்து அவற்றை வெட்டி விரித்து, சோப்பு நீரில் கழுவி, பெல்ட்டை ஒட்டுகிற அதே முறையில் ஒன்றோடொன்று ஒட்டி, தளம் முழுக்க ஒரே விரிப்பாக ஆக்கினார். ஓரங்களைக் கைப்பிடிச் சுவரில் ஒரு சாண் ஏற்றி ஒட்டினார். மேலே வெயிலுக்குச் சுண்ணாம்பு. அதற்குப் பின் எட்டு மழைக்காலம் போயிற்று. ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஆனால் சுண்ணாம்பு உரிந்த இடங்களில் பக்கத்து மாடிகளுக்குக் கறுப்புத் திட்டுகள் தெரியும். தெருவில் அந்த வீட்டுக்கு 'டயர் வூடு' என்று பெயர். மகள் கிறிஸ்டினா கல்லூரித் தோழிகள் யாரையும் வீட்டுக்கு அழைத்ததில்லை.

அவள் படித்தது ரப்பர் தொழில்நுட்பம். வேலை கிடைத்தது, தொழிற்சாலைக் கூரைகளுக்கு ரப்பர் விரிப்பு போடும் கம்பெனியில். கம்பெனிகளுக்குப் போய் அதன் நன்மைகளை எடுத்துச் சொல்வதுதான் அவள் வேலை. கான்கிரீட் பகலில் விரியும், இரவில் சுருங்கும். தார் ஷீட் அதற்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். ரப்பர் கூடவே நீளும், கூடவே சுருங்கும். ஒட்டுவதற்கு நெருப்பு வேண்டாம், எனவே எண்ணெய்த் தொட்டிகளின் பக்கத்திலும் போடலாம். கிழிந்தால் கிழிந்த இடத்தை மட்டும் ஒட்டினால் போதும். எல்லாம் உண்மை. 'தவறான முறை' என்று காட்ட ஒரு படம் தேவைப்பட்டபோது, அவள் தன் வீட்டு மாடியைப் படம் எடுத்தாள்.

2024 ஜூலையில் அப்பாவின் கரி யார்டிலேயே அவள் பேசவேண்டிய கூட்டம். காண்ட்ராக்ட் ஆட்களையும் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். திரையில் அந்த மாடிப் படம் வர இன்னும் மூன்று படங்கள் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் தாண்டிப் போயிருக்கலாம். அவள் தாண்டவில்லை.

படம் வந்ததும் அறை சிரித்தது. "யார் வீடும்மா இது?" என்றார் மேனேஜர்.

"காசிமேட்டுப் பக்கம் யாரோ, சார்."

பின்வரிசையில் அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா பேசின கண்ணு," என்றார் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை அவள் பூசை முடிந்து வந்தபோது மாடியில் கத்தியோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா பண்றே?"

"தப்பா போட்டுக்கீறேன் இல்ல? எட்த்துடலாம்னு. உங்க கம்பெனில சொல்லி ஒரு ரோல் வாங்கிக் குடேன், முறையா போட்டுடலாம்."

"பத்தாயிரம் சதுர அடிக்குக் கீழ அவங்க ஆர்டர் எடுக்க மாட்டாங்க."

"அப்டியா? செரி."

விரிப்பு எளிதில் வரவில்லை. இழுத்த இடத்தில் ஒட்டு பிரியாமல் ரப்பர்தான் கிழிந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒட்டு இப்படி நின்றால் அதற்கு முழு மதிப்பெண் என்பது அவளுக்குத் தெரியும். அவள் படியிறங்கினாள்.

அந்த மழைக்காலத்தில் அப்பா மாடிமேல் ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார். காற்றில் அது கிழிந்தது. கட்டிலை மூன்று முறை இடம் மாற்றினார். "மழை முடியட்டும், ஏற்பாடு பண்றேன்," என்றாள் அவள். பிப்ரவரியில் யார்டு வாசலில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். அறுபத்தொரு வயது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு ஹுமாயூன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கூரையில் ஈரக்கறை படிந்திருப்பதையே பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும் பாப்பா. நான் குட்த்த டியூப்பு மக்கிப்பூட்ச்சா?"

"ஏன் பாய் மாமா?"

"எல்லாத்தையும் அறுத்துப் போட்டான். ஏன்டா சிலுவைன்னா பதிலே இல்ல. அதோட கடைப்பக்கமே வர்ல. முப்பது வருச தோஸ்து. கடையாண்ட கீற பசங்க, 'பாய், நீ கலீஜ் டியூப்ப அவர் தலைல கட்டிக்கீறே'ன்னு கலாய்ச்சினே கீறானுங்க."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். "பழைய டியூப்தானே..." என்று அவள் தொடங்கினாள்.

ஹுமாயூன் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம்மா. நாந்தான் பாத்துக் குட்த்திருக்கணும்."

அந்தக் குனிந்த தலையைப் பார்த்த பிறகு அவளால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. படம், சிரிப்பு, மேனேஜரின் கேள்வி, தன் பதில் எல்லாவற்றையும் சொன்னாள். ஒட்டு பிரியாததையும் சொன்னாள்.

"அன்னிக்கு சாயந்தரம் கடைக்கு வந்தான்," என்றார் ஹுமாயூன். "எல்லாத்துக்கும் டீ சொன்னான். என் பொண்ணு பேசிச்சு, மேனேஜருங்க வாயப் பொளந்துகினு கேட்டானுங்கன்னான். இத்தப் பத்தி மூச்சு விடல."

அவள் அழுதாள். அவர் தேற்றவில்லை.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? அந்தப் பசங்க கிட்ட யாரு சொல்றது? நாளைக்கு வா."

மறுநாள் காலை அவள் போனாள். கடை முன்னால், அவரைக் கலாய்க்கும் லாரி டிரைவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஹுமாயூன் டயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்காக அவர் எதையும் தொடங்கிவைக்கவில்லை. அவளே சொன்னாள்.

ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்போ மாடி ஒழுகவே இல்லியாம்மா?"

"இல்லண்ணா. நல்லா இருந்த கூரை. தப்புன்னு சொன்னது நான்தான்."

அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. ஹுமாயூனைப் பார்த்தார்கள்.