தூக்க ஆளில்லை

அந்த இருநூறு பக்க நோட்டை நான் வாங்கியது பேளுக்குறிச்சிச் சந்தையில். அப்போது கொல்லிமலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். நாலு வயது மகள் காய்ச்சலில் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கீழே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த சிநேகிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மனசுல கெடக்கறத எழுதிப் பாருங்க சார், பாரம் எறங்கும்" என்றார். இறங்கியது, மண்ணாங்கட்டி! எழுத எழுத ஏறித்தான் போயிற்று.

ஆனாலும் தினமும் பள்ளி விட்டதும் உட்கார்ந்து எழுதினேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல? அந்த ஒரு திங்கட்கிழமையைத்தான் திரும்பத் திரும்ப எழுதினேன்.

மலைக்கு அப்போது ரோடு கிடையாது. சீக்காளியை, மூங்கிலில் கம்பளி கட்டிய டோலியில் போட்டு, ரெண்டு பேர் தூக்கி அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்க வேண்டும். "ஏனுங்க, கண்ணுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குதுங்க. இன்னிக்கே எறங்கிரலாங்க" என்றாள் மனைவி. ஆள் பார்க்கப் போனேன். ரெண்டு பேர் இருந்தார்கள். "இப்பவே வாரோமுங்க" என்று எழுந்தும் விட்டார்கள். ஆனால் மறுநாள் இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. பள்ளி பூட்டிக் கிடந்தால் என் வேலை போய்விடும். காய்ச்சல்தானே, ரெண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன், பாவி. அவர்களைப் புதன்கிழமை வரச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து, "தூக்க ஆளில்லை. புதன்கிழமைதான் வருவாங்களாம்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் வரவில்லை. மழை என்று கீழேயே நின்றுவிட்டாராம். புதன்கிழமை பாதி இறக்கத்தில் பிள்ளைக்கு மூச்சு நின்றது. "ரெண்டு நாள் முன்னால வந்திருந்தா என் தங்கம் பொழச்சிருக்குமே, பாவிகளா!" என்று மனைவி அந்த ரெண்டு பேரையும் மண்ணை வாரித் தூற்றினாள். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

"இவனுகளுக்கு என் கையால ஒரு சொட்டுத் தண்ணி கெடையாதுங்க" என்றாள் அன்று.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். பாடக்குறிப்பு என்றேன். நாளைக்கு இதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். நினைத்ததோடு சரி.

மறு வருஷம் இன்ஸ்பெக்டர் வந்தே விட்டார். டோலியில்தான் வந்தார். தூக்கி வந்தது அதே ரெண்டு பேர். அவர் பாடக்குறிப்பு கேட்டார். நான் நிஜப் பாடக்குறிப்பை எடுத்து வைப்பதற்குள், பக்கத்திலிருந்த வீட்டிலிருந்து மனைவி இந்த நோட்டோடு ஓடி வந்தாள்.

"இதையும் பாருங்கய்யா. ஒரு வருசமா ஒரு நாள் தவறாம எழுதுனதுங்க."

பிடுங்கியிருக்கலாம், பிடுங்கவில்லை. படிக்கட்டும், படித்து நாலு பேர் முன்னால் கேட்கட்டும், இன்றோடு தொலையட்டும் என்று நின்றேன். அவர் மலையேறிய அலுப்பைப் பேசிக்கொண்டே தாள்களைப் புரட்டினார். நாலைந்து பக்கத்துக்கு ஒரு சிவப்புக் கையெழுத்து. "எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். கடைசியில், 'பார்வையிடப்பட்டது, திருப்தி' என்று எழுதி என் கையில் கொடுத்தார். ஒரு வரி படிக்கவில்லை.

மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் போனதும், "செவப்பு மையில என்னங்க எழுதியிருக்காரு?" என்றாள்.

"திருப்தின்னு."

சிரித்தாள். பிள்ளை போன பிறகு அன்றுதான் சிரித்தாள். நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிள்ளையின் பாவாடைக்கு அடியில், டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை.

சாகும் வரை அவள் அந்த ரெண்டு பேருக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கச் சொல்லவில்லை.