தறி நின்றபோது கேட்ட பாட்டு

சாவு விழுந்த தெருவில் அன்று யாரும் தறி ஓட்டமாட்டார்கள். இன்று திருத்தணியில் பஸ் மாறி அம்மையார்குப்பத்தில் இறங்கியதும் அந்த அமைதிதான் காதில் அறைந்தது.

எனக்குப் பத்து வயதில் ஒருமுறை இப்படித்தான் தறிச் சத்தம் சட்டென்று நின்றது. அன்று கரண்ட் போயிருந்தது. விசைத்தறி இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், நூல் சுற்றியபடியே, பக்கத்து வீட்டுச் சாவில் கேட்ட ஒப்பாரியை நைனாவின் பேரைச் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தறி நின்றதும் என் குரல் மட்டும் வீடெல்லாம் கேட்டது.

"உயிரோட கீற மனுசனுக்கு ஒப்பாரியா வெக்கிற?" என்று அம்மா வாயிலேயே அடித்தாள்.

நைனா தறிக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "வுடுமே. செத்தப்புறம் எனக்கு எங்க கேக்கப் போவுது? நீ பாடு கண்ணு."

அந்தப் பாட்டைப் பாடித்தான் டிவி போட்டியில் ஜெயித்தேன். பிறகு போன மேடையிலெல்லாம் அதையே கேட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நைனா முதல் ஆளாகக் கைதட்டுவார்.

இன்று நைனாவை நடுவீட்டில் பெஞ்சில் கிடத்தியிருக்கிறார்கள். பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். "டிவியில பாடினியே, அத்தப் பாடும்மா" என்றாள் பெரியம்மா. யாரோ செல்போனை உயர்த்திப் பிடித்தார்கள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைதட்ட நைனா எதிரே இல்லாமல் அந்தப் பாட்டை நான் ஒரு தடவைகூடப் பாடியதில்லை.