குழல்வாயைக் குடைந்த கதை

பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில் பொடித் திருகாணிகளை முடுக்கி முடுக்கியே என் வலது மணிக்கட்டு பழுதாகிவிட்டது. வெட்டித் தைத்தும் சரிவரவில்லை. வேலையில் எப்படியோ சமாளித்தேன். துவக்குச் சுடுவதில்தான் முடியவில்லை.

நான் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சுடுவது பழைய மாதிரித் துவக்கு. ஒவ்வொரு வெடிக்கும் குழல்வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணி சுற்றிய ஈயக்குண்டை மேலே வைக்கவேண்டும். குண்டு வாயிலேயே இறுகி நிற்கும். ஒரு குட்டைக் கட்டையை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினால்தான் இறங்கும். அந்தக் குத்து என் கைக்கு ஆகாது. இடது கையால் குத்தினால் கட்டை சறுக்கியது. இலையுதிர்காலப் போட்டியிலோ அவரவர் துவக்கை அவரவரே நிரப்பவேண்டும். குழல்வாயின் உட்பக்கத்தைப் புனல்போல் லேசாக விரித்தால் பெருவிரலாலேயே குண்டை அழுத்தி இறக்கலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

நிலவறையில் துவக்கை மேசைக் குறட்டில் இறுக்கி, கூம்பான இரும்புத் தண்டில் மணல்தாளைச் சுற்றி, வாய்க்குள் விட்டுத் திருகத் தொடங்கினேன். குடியிருப்புக்குப் பொதுவான சலவை இயந்திரம் அங்கேதான்; அன்று எங்களுக்கு உடுப்புத் தோய்க்கும் முறை. கூடையோடு இறங்கி வந்த மனைவி சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஊரில துவக்குக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்த மனிசன், இப்ப துவக்குக்கு வாய் கழுவுறியளோ?”

எரிச்சலில் நான் தண்டை இன்னும் அழுத்தித் திருகினேன்.

கழற்றிய பாகத்தை முன்பு இருந்தபடியே திரும்பப் பொருத்தவேண்டும் என்பது தொழிற்சாலையில் எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். தண்டில் ஒரு கீறலும் குழலில் ஒரு பொட்டும் வைத்தேன். ஒவ்வொரு முறையும் துடைத்து, அளந்து, கீறலைப் பொட்டுக்கு நேரே கொண்டுவந்து, அதே பக்கம் நின்று திருகினேன். அவ்வளவு ஒழுங்கு!

சுடும் திடலில் பெருவிரலை வைத்ததும் குண்டு சொல்வழி கேட்டு இறங்கியது. சந்தோஷத்தில் சிரித்தேன். ஆனால் குறிப்பலகையில் குண்டுகள் திசைக்கொன்றாகப் போயிருந்தன. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக் குழல்வாயைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் தேய்ந்திருந்தது. குழலைக் குறட்டில் அடிக்கடி திருப்பி வைத்திருந்தால் கையின் பாரம் எல்லாப் பக்கமும் பரவியிருக்கும். நானோ ஒரே பக்கத்தை அழுத்தி அழுத்திக் கெடுத்துவிட்டிருக்கிறேன். துவக்கைத் தூக்கி ஏரியில் எறியலாம்போல ஆத்திரம் வந்தது.

கெட்ட நுனியை அறுப்பித்தேன். இப்போது குறிபார்க்க உதவும் முன்குறி குழலின் விளிம்போடு நிற்கிறது. இனி ஒரு பிழை விட்டால் அறுக்கக் குழல் இல்லை. மறுபடி குடைய எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த பயிற்சியில் குண்டு பழையபடி வாயில் இறுகி நின்றது. கட்டையும் கையுமாக நான் திணறுவதைப் பக்கத்தில் சுடும் கிழவர் கண்டார். ஒன்றும் கேட்காமல் எட்டி ஒரே குத்தில் இறக்கிவிட்டார். பிறகு ஒவ்வொரு வெடிக்கும் அப்படியே செய்தார். குண்டுகள் எல்லாம் நடு வட்டத்திலேயே விழுந்தன. அவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் சுட்டதில்லை. கிழவர் என் தோளில் தட்டினார். பிறர் கை படக்கூடாத அந்தப் போட்டிக்கு நான் வரவில்லை என்று அங்கேயே அவரிடம் சொன்னேன்.