வயிற்று வலிக்கும் அனுமதி

சேலத்தில் கல்லூரி படிக்கும் என் மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. போன மாதம் காலையிலிருந்து வயிற்று வலியில் சுருண்டு கிடந்தவள், எனக்கே போன் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கோழிப்பண்ணையில் தடுப்பூசி வேலையில் இருந்தேன். போன் வீட்டில் கிடந்தது. சாயங்காலம் தோழிகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது குடல்வால் வெடிக்கும் நிலை.

"நீயே நேரத்துல வந்திருக்கலாமே சாமி?" என்று, நான் போய்ச் சேர்ந்த பிறகு, அவளிடம் கேட்டார் டாக்டர்.

"அம்மாவைக் கேக்காம எப்படிங்க வாரது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சல் மாத்திரைக்குக்கூடப் பெற்றோரைக் கேட்கும், அவள் படித்த நாமக்கல் உறைவிடப் பள்ளியின் பழக்கம் அது. அந்தக் கண்டிப்பை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு அவளைச் சேர்த்ததும் நான்தான்.

சின்னவளை அங்கே சேர்க்கவில்லை. காய்ச்சல் என்றால் அவளே டோக்கன் வாங்கி, அவளே டாக்டரிடம் பேசுகிறாள். நான் வெளியே பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.