சீனியின் நகத்தை வெட்டியது யார்?

இது நடந்தது. நம்பாதவர்கள் பஹ்மியாவின் நெற்றியைப் பார்க்கலாம், ஒன்பது தையல். திருகோணமலையில் அவளும் நானும் ஒரே பாமசியில் வேலை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. விலை கேட்டு வருகிறவர்களுக்கே பக்கத்துக் கடையில் மலிவு என்று சொல்லி முதலாளியிடம் ஏச்சு வாங்குகிற ஆள். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். இது பட்டப்பகலில், பின்னேரம் நாலு இருபதுக்கு வந்தது.

பஹ்மியா கிண்ணியாக்காரி. புருஷன் ஹஸன் கட்டாரில். பிள்ளை இல்லை. பிள்ளை மாதிரி இருந்தது சீனி, மூன்று வயது வெள்ளைப் பூனை. அதற்கு ஒன்று ஆனால் தானும் இல்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். வேலைக்குக் கிட்ட இருக்கட்டும் என்று துறைமுகத்தைப் பார்த்த அடுக்குமாடியில், மூன்றாம் மாடியில் வீடு எடுத்தாள். முற்றமெல்லாம் ஓடித் திரிந்த பூனைக்கு நாலு சுவர் பிடிக்குமா? ஒரு மாதத்தில் சாப்பாட்டை விட்டது. வயிற்றை நக்கி நக்கி மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது.

அழுதுகொண்டே மிருக வைத்தியர் மதிசுதனிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். நோயில்லை, தனிமைதான் என்றார் அவர். ஜன்னலோடு உயரமாக ஒரு தட்டு அடித்துவிட வேண்டும், ஏறி இருந்து வெளியே பார்க்கட்டும். அது கழிக்கிற மண் தட்டத்தை நாளுக்கு இரண்டுமுறை சுத்தம் செய்ய வேண்டும். காலையும் மாலையும் கால் மணி நேரம் விளையாட்டுக் காட்ட வேண்டும். பகலில் யாராவது பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் செய்தாள். கடைசி ஒன்றுக்குத்தான் ஆள் இல்லை. காலை ஏழே முக்காலுக்குப் பூட்டினால் நாலு இருபதுக்குத்தான் திறப்பாள்.

திறந்ததும் ஸலாம் சொல்வாள். ஆளில்லாத வீடென்றாலும் ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்று பழகிய வாய். சீனிக்குக் கேட்கட்டும் என்று உரத்தே சொல்வாள். தட்டிலிருந்து "மியாவ்" என்று பதில் வரும். அந்தச் சத்தத்துக்காகவே மூன்று மாடியும் ஓடி ஏறுவாளாம், பைத்தியக்காரி.

மூன்று வாரத்தில் சீனி தேறியது. மயிர் பளபளத்தது. பஹ்மியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால்…

ஒருநாள், அவித்து வைத்துவிட்டுப் போன சூடை மீனின் முள்ளெல்லாம் கோப்பை விளிம்பில் வரிசையாக இருந்தது. பூனை முள் எடுத்தா தின்னும்? இன்னொரு நாள், தரையில் விட்டுப்போன நூல்பந்து சமைக்கிற குசினிக் கதவுப் பிடியில் தொங்கியது. பூனை எட்டித் தட்டுகிற உயரம். மூன்று முடிச்சு. தான்தான் கட்டி மறந்திருப்பேன் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வைத்தியர் சீனியை நிறுத்துப் பார்த்தார். நாலு கிலோ இருநூறு.

"பகலில ஆர் பாக்கிறது? நல்ல கவனமான ஆள். நகமும் அளவா வெட்டியிருக்கு."

பஹ்மியா ஒருநாளும் நகம் வெட்டியதில்லை. சீனி காலைத் தொட விடாது.

அடுத்த நாள் புதன். நாலு இருபது. கதவைத் திறந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

சீனி தட்டில்தான் இருந்தது. வாய் திறக்கவில்லை. கதவுக்குப் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து ஒரு பெண் குரல். மிக மெதுவாக.

"வஅலைக்கும்…"

மீதி வரவில்லை.

டமார்! கதவு முகத்தில் அறைந்தது. மூக்கு உடைந்தது. கொண்டையை ஒரு கை பிடித்தது. தலையைக் கதவு நிலையில் மோதியது. ஒருமுறை. இன்னொருமுறை. கண்ணுக்குள் இரத்தம். ஆளைக் காணவில்லை. பிடி மட்டும் இருந்தது.

வாசல் பின்னால்தான். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சீனியை விட்டுப் போக ஏலாது. தவழ்ந்தாள்.

கணுக்காலில் பிடி. இழுத்தது.

முதுகில் கட்டையால் அடி. தட். தட். தட்.

"அடிக்காதீங்க!" அலறினாள். "அடிக்காதீங்க… அது என்ட பிள்ள…"

அடி நின்றது.

யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

பிறகு… விம்மல்.

சீனி குதிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தவளின் மடியில், தூக்கி வைத்த மாதிரி வந்து இருந்தது.

நாலு இருபத்தாறு.

ஓடி வந்து அவளைத் தூக்கியது எதிர்வீட்டுக் குணமணி அக்கா. ஆஸ்பத்திரியில், என் முன்னால்தான் சொன்னா.

"'அடிக்காதீங்க' எண்டு கேட்டுது பிள்ளை. பழையபடி தொடங்கிற்றுதெண்டு நினைச்சன்."

ஐந்து வருடத்துக்கு முன் அந்த வீட்டில் ஸுல்பிகா என்றொரு பெண் இருந்தாளாம். புருஷன் தினமும் பின்னேரம் வேலை விட்டு வருவான். படி முழுக்கக் கேட்க உரத்து ஸலாம் சொல்வான். எவ்வளவு நல்ல மனிதன் என்று பேர். கதவு மூடும். பிறகு அந்த அலறல். அவளுக்கும் ஒரு பூனை இருந்தது. ஒருநாள் அதை மேலிருந்து வீசிக் கொன்றான். மறுநாள் அவள் தேங்காய் துருவும் திருவலையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள், அவன் ஸலாம் சொல்லி நுழைந்ததும் அடிக்க. ஆனால் அவன் பலசாலி. அதைப் பறித்து, அதாலேயே அவளை அடித்துக் கொன்றான். இப்போது சிறையில். அன்று சீனியின் பதில் இல்லாமல் உரத்த ஸலாம் மட்டும் கேட்டதும், பஹ்மியாவை அவன் என்றே நினைத்திருப்பாள்.

பஹ்மியா சீனியோடு கிண்ணியாவுக்கே போய்விட்டாள். வீட்டுக்குள் நுழையும்போது இப்போது ஸலாம் சொல்வதில்லை. வாசலில் நின்று "நான்தான், பஹ்மியா" என்பாள். அவ்வளவுதான்.

போன வெள்ளி பார்க்கப் போனேன். சீனி கொழுகொழுவென்று என் மடியில் ஏறியது. காலைப் பிடித்துப் பார்த்தேன். நகம் புதிதாக வெட்டியிருந்தது.

"நான் வெட்டல்ல," என்றாள் பஹ்மியா.

ஹஸன் வருகிற பதினாலாம் தேதி லீவில் வருகிறார். வாசலில் நின்று உரத்து ஸலாம் சொல்வது அவர் பழக்கம். சொல்லாதீங்க என்று அவள் போனில் கெஞ்சினாளாம்.

அவர் சிரித்தாராம்.