பாவாவைத் திட்டும் உரிமை

விற்ற பொருளை, வாங்கியவளுக்கு வாய் நீளம் என்று சொல்லித் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. அதுவும் எனக்கு! பதினான்கு வருஷமாகத் திருத்தணியில் பத்திரம் எழுதும் கடையில் உட்கார்ந்து கிரயப் பத்திரம் அடிப்பவளுக்கு. "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வரியை என் விரல்கள் தூக்கத்தில்கூட அடிக்கும். வாங்கியவர் நல்லவராக இருக்கும்வரை மட்டும் நிலம் அவருடையது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு போனால், பத்திரத்தை எங்கள் முகத்திலேயே விட்டெறிவார்கள்.

நான் வாங்கியது நிலமில்லை, கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆனால் அதற்குள்ளேயும் நிலம்தான். உழுது, விதைத்து, மெஷின் விட்டு அறுக்க வேண்டும். நெட் இருந்தால் இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து ஒரே கழனியில் வேலை செய்யலாம், டைப் அடித்துப் பேசிக்கொள்ளவும் செய்யலாம். என்னோடு வேலை செய்தவர் என் அக்கா வீட்டுக்காரர். அக்கா புருஷனை எங்கள் பக்கத்தில் பாவா என்போம். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறார்.

எங்கள் வீடுகளில் மச்சினி பாவாவை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். யாரும் கேட்க மாட்டார்கள். திட்டாவிட்டால்தான் என்ன மனஸ்தாபம் என்று விசாரிப்பார்கள். கல்யாணத்தன்று அவர் செருப்பை ஒளித்துவைத்து நான் ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவர் சட்டை, அவர் நடை, அவர் சாப்பிடுகிற சத்தம் எதையும் விட்டுவைக்கவில்லை. அவரும் சளைத்தவர் இல்லை. அக்கா இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டே சிரிப்பாள்.

மஞ்சள் காமாலையில் படுத்து ஒன்பதே நாளில் அக்கா போய்விட்டாள். காரியம் முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை, உறவில் ஒரு பெரியம்மா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "சின்னவளத்தான் கட்டி வெச்சிடலாமே, அவளுக்கும் ஒண்ணும் அமையல" என்றாள். எனக்கு அப்போது முப்பத்து நாலு. நான் கல்யாணம் வேண்டாம் என்று இருப்பவள். அவருக்கோ அக்காவின் புடவையைக் கொடியிலிருந்து எடுக்கவே கை வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சில் உடம்பு கூசிப்போனது.

அன்றோடு எங்கள் பேச்சுக்கு மரியாதை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "வாங்க, நல்லா இருக்கீங்களா?" "ஆங், இருக்கேங்க." பேங்க் மேனேஜரிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டோம். பக்கத்தில் நிற்பவர் எதையும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாதே. அக்காவோடு சேர்த்து என் பாவாவையும் எடுத்துக்கொண்டுபோன மாதிரி இருந்தது. அவர் யாரோடும் பேசுவதில்லை என்று தறிக்காரர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதனால்தான் அந்த விளையாட்டை வாங்கினேன். அவரையும் ஒன்று வாங்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இரண்டு பேரும் உட்காருவோம். முதல் இரண்டு வாரம் அதிலும் வாங்க போங்கதான். மூன்றாவது வாரம் அவர் அறுவடை மெஷினைக் கொண்டுபோய்க் குளத்துக்குள் இறக்கினார். நான் யோசிக்கவே இல்லை. "யோவ் பாவா, கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று அடித்துவிட்டேன். பதில் வந்தது: "வாய மூடுடி, உன்னிய ஆரு கொளத்த இங்க வெட்ட சொன்னது?" அக்கா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு அவரை இன்னும் நாலு வார்த்தை திட்டினேன்.

எட்டு மாதம் அப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் கணக்கு திறக்கவில்லை. மெயில் வந்திருந்தது. நாங்கள் எழுதுவதையெல்லாம் ஏதோ ஒரு மெஷின் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. வரப்பு மேல் மறுபடி டிராக்டர் ஏற்றினால் கைகாலை வாங்கிவிடுவேன் என்று நான் எழுதியதை இங்கிலீஷில் மாற்றிப் போட்டு, மற்றொரு விளையாட்டாளரை மிரட்டியதற்காக முப்பது நாள் தடை என்றார்கள். அந்த விளையாட்டுக்கு மட்டும் இல்லை. அந்தக் கம்பெனியிடம் நான் வாங்கிய ஐந்துக்கும் தடை. அதில் ஒன்று நான் தனியாக உட்கார்ந்து ஆடுகிற சீட்டாட்டம். அதில் நான் யாரை மிரட்டினேனோ தெரியவில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. சும்மா விடுவேனா? இங்கேதான் நான் கெட்டேன். என் தொழிலில் ஒரு பாத்தியத்தை நிலைநாட்ட வேண்டுமானால் எத்தனை வருஷமாக அனுபவிக்கிறோம் என்று காட்ட வேண்டும். வருஷம் கூடக்கூட உரிமை கெட்டிப்படும். அதே புத்தியில் உட்கார்ந்து எழுதினேன். இவர் என் அக்கா கணவர், இவரைத் திட்டுவது என் உரிமை, கல்யாண நாள் முதல் இடைவிடாமல் திட்டி வருகிறேன், தாங்கள் காட்டியிருப்பது அதில் ஒரு துளி. சந்தேகம் வரக் கூடாதென்று இன்னும் மோசமானவையாக இருபது வசவுகளை, எந்த வருஷம் எதற்காகத் திட்டினேன் என்ற விவரத்தோடு இணைத்தேன். அனுப்பிவிட்டு ஜெயித்த மாதிரி எழுந்து போய் முறுக்கு தின்றேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. குற்றத்தை உறுதிசெய்ததற்கு நன்றி, நீண்டகாலத் துன்புறுத்தல் என்பதால் தடை நிரந்தரமாகிறது.

பாவாவும் எழுதிப் பார்த்தார். திட்டு வாங்கியவன் நான்தான், எனக்கு ஒரு குறையும் இல்லை என்று. மனம் திறந்து பேசியதற்கு அவரைப் பாராட்டி, ஆறுதல் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஏதோ ஒரு போன் நம்பரைக் கொடுத்தார்கள்.

கடைசியாக எனக்கு ஒரு வழி விட்டார்கள். ஒரு பக்கம், அதில் ஒரு கட்டம். "நான் இன்னொரு விளையாட்டாளரைத் துன்புறுத்தினேன். இனி அவரிடம் அப்படிப் பேச மாட்டேன்." டிக் அடித்தால் ஐந்தும் திரும்பி வரும், கழனியும் வரும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று தினமும் நாலு பேரிடம் சொல்கிறவள் நான். நான் படித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரம் தலைக்கேறியது. என் அக்கா புருஷன் எனக்கு இன்னொரு விளையாட்டாளராம்.

நான் டிக் அடிக்க மாட்டேன் என்று தெரிந்ததும், ஒரு முகூர்த்த நாளாகப் பார்த்து பாவா பஸ் ஏறி வந்தார். பத்திர ஆபீஸ் வாசலில் பதிவு டோக்கனுக்கு அவ்வளவு கூட்டம். எதிர் டீக்கடையில் ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு நின்றோம். நான் அந்தப் பக்கத்தைப் போனில் திறந்து காட்டினேன். அவர் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஒரு டிக்குதானேங்க. அடிச்சிடுங்க. ஞாயித்துக்கெழமைன்னா இன்னா பண்றதுன்னே தெரியலீங்க. செவுத்தயே பாத்துகினு குந்திகினு கீறேன்."

என் விரல் கட்டத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது, பொய் சொல்ல மாட்டேன். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அடித்தால் கழனிதானே திரும்பி வரும்? அங்கேயும் இனி அவர் எனக்கு வாங்க, நான் அவருக்குப் போங்க. பெரியம்மா எங்களிடமிருந்து பிடுங்கியதில் மிச்சம் இருந்ததையும், முகம் தெரியாத எவனோ எழுதிவைத்ததற்குக் கையெழுத்துப் போட்டு நானே கொடுப்பதா?

போனை மூடினேன். கட்டம் காலியாகவே இருந்தது. இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.

"யோவ் பாவா," என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. "இன்னாய்யா எனக்குப் போயி ங்க போட்டுகினு கீற? மாடு மேய்க்கக்கூட லாயக்கில்ல நீ, மெஷின் குடுத்தா கொளத்துல எறக்குவ, வரப்பு எது வாய்க்கா எதுன்னு தெரியாது, இதுல மரியாத ஒரு கேடு."

டோக்கன் வரிசை மொத்தமும் திரும்பியது. டீ ஆற்றுகிறவர் கை அப்படியே நின்றது. கூட்டத்தில் எங்கள் கே.ஜி.கண்டிகை உறவுக்காரர் ஒருவர் இருந்தார். சாயங்காலத்துக்குள் பேச்சு ஊர் போய்ச் சேரும் என்று தெரிந்தேதான் பேசினேன்.

"செத்தது எங்க அக்காய்யா. நானா செத்தேன்? நீயா செத்த? நான் இன்னும் உன் மச்சினிதான். ஞாயித்துக்கெழம பஸ்ஸ புடிச்சி வந்து இங்க நில்லு. மூஞ்சிக்கு நேரா திட்றேன். எவன் தட பண்றான்னு பாத்துடலாம்."

பாவா டீ கிளாசைப் பெஞ்சின் மேல் வைத்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அது முடியவே நேரமாயிற்று. துண்டை இறக்கியபோது கண் சிவந்திருந்தது.

"கத்தாதடி கழுத," என்றார். "ஊரே பாத்துகினு கீது."

"பாக்கட்டும்யா."