எதிர்ப்பக்கம் பேசாத ஞாயிறு

ஆவூருக்கு அருகே ஒரு சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்த சந்தனமேரிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த விஷயமானாலும் இரண்டு பக்கத்தையும் வாய்விட்டுப் பேசிப் பார்க்காதவர் அதைப் பற்றி முடிவு சொல்லலாகாது என்பார். அதற்காகவே 1953ஆம் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், பள்ளிக்கூடத்திலேயே பெண்களுக்கென்று ஒரு விவாதக் கூட்டம் தொடங்கினார்.

விதிகள் எளியவை. ஒருபுறம் மட்டும் வெள்ளை தெரியத் தேய்த்த புளியங்கொட்டை ஒன்றைத் தரையில் உருட்ட வேண்டும். வெள்ளை விழுந்தால் 'ஆம்' என்று பேச வேண்டும். கறுப்பு விழுந்தால் 'இல்லை' என்று பேச வேண்டும். சொந்தக் கருத்துக்கு அங்கே இடமில்லை. எல்லோரும் ஒரு சுற்றுப் பேசியபின், அவரவர் தம் எதிர்ப்பக்கத்தை எடுத்துப் பேசியாக வேண்டும். கோவிலில் மாலை மணி அடித்ததும் கூட்டம் கலைந்துவிடும். அந்த நேரத்துக்கு அடுப்பு மூட்டாத பெண்ணை மறுவாரம் யாரும் அனுப்பமாட்டார்கள்.

அம்மை வராமலிருக்க அம்மைப்பால் வைப்பதையும் பெண்பிள்ளைகளின் படிப்பையும் அவர்கள் அப்படித்தான் அலசினார்கள். ஆனால் சந்தனமேரியின் தங்கை மரிய செல்வி மட்டும் வாரந்தோறும் கடைசி வரிசையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருப்பாள். அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மகள் தொட்டிலில் கிடந்தபோது இலங்கைக்குப் போன கணவனிடமிருந்து பின்னர் சேதியே இல்லை. மாமியார் வீட்டில் மகளோடு இருந்தாள். அவளை ஒருநாளாவது பேசவைத்துவிட வேண்டும் என்பது அக்காளின் ஆசை.

மூன்றாம் ஆண்டில் ஒரு ஞாயிறு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரி செங்கமலம் ஒரு தலைப்புச் சொன்னாள்: சேதியில்லாத கணவனுக்காக மனைவி அவன் வீட்டிலேயே காத்திருக்க வேண்டுமா?

"ஏன் டீச்சர், எம் புருசன் வீட்டுலயேதான் கெடக்காரு, சேதிதான் ஒண்ணும் வரல. நான் எந்தப் பக்கம் பேசுறது?" என்று அவளே கேட்கவும் கூட்டம் சிரித்தது.

செல்வியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் சந்தனமேரி கொட்டையை அவள் கையில் கொடுத்தார். கறுப்பு விழுந்தது.

"திருச்சி பஸ்ஸு சத்தம் கேட்டா, கையில உள்ளதப் போட்டுட்டு எட்டிப் பாக்குறேன்," என்று தொடங்கினாள் செல்வி. "யாரும் எறங்கல. பஸ்ஸு போயிருது. அப்பறமும் நிக்கிறேன். வீடு அவரு வீடு, பானை அவரு ஆத்தா பானை. வராத ஆளுக்கு எம்புட்டு நாளைக்கு நான் வெளக்கு வைக்கிறது?"

அவள் பேசிக்கொண்டே போனாள். நிறுத்தச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. அவள் முடிக்குமுன் கோவில் மணி அடித்துவிட்டது. எதிர்ப்பக்கம் பேசப்படாமலே கூட்டம் கலைந்தது.

செல்விக்கு முன்பே அவள் பேச்சு வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அவளுடைய தகரப்பெட்டி வாசலில் கிடந்தது. மகள் உள்ளே இருந்தாள். சந்தனமேரி ஓடிவந்தார்.

"அத்தை, அது கொட்டை விழுந்தபடி பேசுற பேச்சு. எதிர்ப்பக்கமும் பேசியிருப்பா. அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு."

மாமியார் சற்று யோசித்தாள். அவள் கொடுமைக்காரியல்ல, அவளும் அதே பஸ் சத்தத்துக்கு எட்டிப் பார்க்கிறவள்தான்.

"சரி டீச்சரம்மா. அந்த மிச்சத்த இங்கன பேசச் சொல்லுங்க. ஏன் காத்திருக்கணும்னு அவ வாயால சொல்லட்டும். பொட்டிய நானே உள்ள தூக்கி வைக்கிறேன்."

"சொல்லு செல்வி," என்றார் சந்தனமேரி. "ரெண்டு வார்த்த போதும்."

செல்வி வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தது. செல்வி அதன் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் கடைசியில், "அந்தப் பக்கத்துக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லக்கா."

மாமியார் கதவைச் சாத்தினாள்.

அதன்பின் சந்தனமேரி கூட்டம் நடத்தவில்லை. செல்வி அக்காள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். இலங்கையிலிருந்து கடைசிவரை எவரும் வரவில்லை. பேத்தியை மாமியார் வளர்த்தாள். தாயோடு பேசக்கூடாது என்று சொல்லியே வளர்த்தாள். 1961இல் அந்தப் பெண் ஐந்தாம் வகுப்புக்கு, சந்தனமேரியிடமே படிக்க வந்தது. பெரியம்மா என்று அது ஒருநாளும் கூப்பிட்டதில்லை; டீச்சர் என்றே கூப்பிட்டது.

பள்ளி விடும் வேளையில் செல்வி எதிரே உள்ள வேப்பமரத்தடியில் வந்து நிற்பாள். அதைக் கண்டதும் சந்தனமேரி, சுத்தமாகவே இருக்கும் கரும்பலகையை மறுபடி துடைக்கும்படி அந்தப் பெண்ணிடம் சொல்வார். கரும்பலகை, வேப்பமரத்தைப் பார்த்த சன்னலுக்கு நேரே இருந்தது.